மழைக்காலக் குதிரைப் போர்வை: அறிகுறியைப் பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்கும் வழிமுறை

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று திரும்பியதும் என் பட்டறைக்கு வருகிற முதல் வேலை பெரும்பாலும் குதிரைப் போர்வையாகத்தான் இருக்கும். படகுக்குத் தார்ப்பாயும் வண்டிக்குச் சேணமும் தைப்பதே என் தொழில் என்றாலும், எல்கைப் பந்தயத்துக்குக் குதிரை வளர்ப்பவர்களும், சந்தனக்கூடு ஊர்வலத்துக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் குதிரை அனுப்புகிறவர்களும் தங்கள் போர்வைகளை இங்கேதான் கொண்டுவந்து போடுகிறார்கள். அவற்றுள் பல, கிழிந்தவையே அல்ல. நல்ல விலை கொடுத்து வாங்கிய போர்வை குதிரைக்குச் சேரவில்லை என்பதுதான் புகார். அதற்குக் காரணம் தையலில் இல்லாமல், வாங்கிய முறையிலோ போர்த்திய முறையிலோ இருக்கும்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 5 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை உள்ள காற்றில் குதிரை தன் உடற்சூட்டைக் காத்துக்கொள்ளத் தனியாகச் சிரமப்படுவதில்லை. நம் கரையில் மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே குளிர்நாட்டுக் குதிரைக்கென்று பஞ்சு அடைத்துத் தைத்த போர்வைக்கு இங்கே வேலையே இல்லை; மழையையும் வாடையையும் தடுக்கிற, பஞ்சில்லாத ஒற்றைப் போர்வைதான் வேண்டும். அதுவும் கூரையில்லாத இடத்தில் நிற்கிற குதிரைக்கும், மெலிந்த அல்லது வயதான குதிரைக்கும், மயிர் கத்தரித்த குதிரைக்கும், ஓடி வியர்த்து வந்து காற்றில் நிற்கிற குதிரைக்கும் மட்டுமே. ஒழுகாத லாயத்தில் நிற்கும் திடமான குதிரையைச் சும்மா விட்டுவிடுவதே அதற்குச் செய்கிற உபகாரம்.

## போர்வையைக் கழற்றினால் உடல் ஈரமாக இருக்கிறது

அதிகம் வருகிற புகார் இதுதான். அதிகம் தவறாகக் கணிக்கப்படுவதும் இதுதான். ஈரத்தைக் கண்ட மாத்திரத்தில் ஒழுகல் என்று முடிவு கட்டி, மெழுகு பூசித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். மெழுகு பூசுவதற்கு முன் ஈரம் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். போர்வையை முழுவதும் உருவாமல், உள்ளங்கையை உள்ளே நுழைத்து முதுகெலும்பின் நெடுகிலும், முன்னங்காலுக்குப் பின்னே விலாவிலும், தொடையிடுக்கிலும் தடவிப் பாருங்கள்.

### விலாவிலும் தொடையிடுக்கிலும் ஈரம், முதுகு நடுவில் குறைவு

இது மழைநீரன்று, வியர்வை. காய்ந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் ஐயமே வேண்டாம். காரணங்களில் எளியது, இரவு போர்த்தியதை வெயில் ஏறிய பிறகும் கழற்றாமல் விட்டது. மழைக்கு நடுவே ஒருநாள் வெயில் அடித்தால் நம் ஊரில் அது சித்திரை வெயில்போல்தான் அடிக்கும். இதற்குப் பைசாச் செலவில்லை, காலையில் கழற்றினால் போதும். அடுத்தது, உள்ளே அடைத்த பஞ்சு. போர்வையின் விளிம்பில் உள்ள சீட்டில் 0, 100, 200, 300 என்று கிராம் கணக்கு இருக்கும். அது சதுர மீட்டருக்கு எவ்வளவு பஞ்சு என்பதைக் குறிக்கிறது. பூஜ்யத்தைத் தவிர மற்ற எதுவும் இங்கே ஆகாது. மூன்றாவது, மூச்சு விடாத துணி. சரக்கு மூடுகிற பிளாஸ்டிக் தார்ப்பாயை வெட்டிப் போர்வையாக்கினால் மழை உள்ளே வராது என்பது உண்மைதான், ஆனால் வியர்வையும் வெளியே போகாது.

கீழக்கரைப் பக்கத்திலிருந்து ஒருவர் 300 கிராம் போர்வை ஒன்றைக் கொண்டுவந்தார். "அண்ணே, முழுக்க ஒழுகுது, மெழுகு போட்டுக் குடுங்க" என்றார். வெளிப்பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீரைச் சாய்த்தேன்; சேம்பிலையில் உருளுவதுபோல் முத்து முத்தாக உருண்டு கீழே விழுந்தது. பிறகு மேசையில் போட்டு உள்பக்கத்தைத் திருப்பினேன். நீல நிற உள்துணியில் விலா எலும்பு வரிசை வரிசையாகத் தெரியும்படி உப்புக் கோடுகள் படிந்திருந்தன. அப்போதும் அவர் நம்பவில்லை. அவர் முழங்கையை அதே போர்வையில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு டீ வாங்கிவரச் சொன்னேன். டீ வருவதற்குள் கையை உருவிவிட்டார், மணிக்கட்டு வரை பளபளவென்று வியர்த்திருந்தது. அந்தப் போர்வையை ஊட்டிப் பக்கம் யாருக்காவது விற்றுவிடும்படி சொல்லி அனுப்பினேன்.

போர்வையைக் கழற்றி நிழலில் நிறுத்தி, தண்ணீர் ஊற்றிக் காற்றாட விட்ட பிறகும் குதிரை வேகவேகமாக மூச்சு வாங்கினாலோ, ஆசனவாய் வழியே பார்க்கிற உடற்சூடு 39.5 டிகிரியைத் தாண்டினாலோ, உடல் கொதிக்கிறபோதும் தோல் உலர்ந்தே இருந்தாலோ, அதற்குமேல் கைவைத்தியம் கூடாது. புழுக்கமான கடலோர ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோவதுண்டு. அது மருத்துவர் பார்க்க வேண்டிய நோய். நல்ல நிலையில் உள்ள குதிரையின் உடற்சூடு 37.5 முதல் 38.5 வரை இருக்கும், மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 16 வரை இருக்கும். இந்த எண்களை லாயத்துச் சுவரில் கரியால் எழுதி வைத்தாலும் தப்பில்லை.

### முதுகெலும்பின் நெடுகிலும் ஈரம்

இதுதான் உண்மையான ஒழுகல். போர்வையை வெளிப்பக்கம் மேலே இருக்கும்படி நான்கு முனையில் கட்டித் தொட்டில்போல் தொங்கவிட்டு, நடுவில் இரண்டு செம்புத் தண்ணீரை ஊற்றி ஒரு மணி நேரம் விட்டு அடியில் கைவைத்துப் பாருங்கள்.

சொட்டு விழாமல் துணி மட்டும் ஓதம் கோத்திருந்தால், பெரும்பாலும் சோப்புத்தூள் போட்டுத் துவைத்ததன் விளைவு. சோப்பு எச்சம் துணியில் தங்கினால் தண்ணீர் உருளாமல் ஊறும். நல்ல தண்ணீரில் நாலு முறை அலசிக் காயவைத்து, கூடாரத் துணிக்குப் பூசுகிற நீர்காப்புத் திரவத்தைத் தெளித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தையல் கோட்டில் மட்டும் சொட்டினால் ஊசித்துளைகள் திறந்திருக்கின்றன. உள்பக்கமிருந்து தையல் நெடுக நாடா ஒட்ட வேண்டும். துணிப்பரப்பு முழுவதும் பொசிந்து, உள்பக்கப் பூச்சு வெள்ளைச் செதிலாக உரிந்து வந்தால் அந்தப் போர்வையின் காலம் முடிந்துவிட்டது. அதன்மேல் எதைப் பூசினாலும் ஒரு மழைக்குத்தான் தாங்கும், நானே அந்த வேலையை ஒப்புக்கொள்வதில்லை.

பருத்திக் கேன்வாஸ் போர்வைக்கு ஒரு விலக்கு உண்டு. புதிதாக வாங்கியது முதல் மழையில் கசியத்தான் செய்யும். ஒருமுறை நன்றாக நனைத்துக் காயவைத்தால் நூல் உப்பிக் கண்கள் அடைபட்டுவிடும். இதை அறியாமல் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்கள் உண்டு.

### எல்லா இடத்திலும் ஒரே சீரான ஈரம்

நனைந்த குதிரையின்மேல் போர்வையைப் போட்டிருக்கிறீர்கள். முதலில் வழித்துத் துடைத்து, முதுகில் ஒரு பிடி கனத்துக்குக் காய்ந்த வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் கண்ணுள்ள சணல் சாக்கைப் போட்டுக் கட்டி, ஒரு மணி நேரம் கழித்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் மயிர் காய்ந்திருக்கும். பழைய குதிரைக்காரர்கள் எல்லோரும் செய்தது இதுதான், இதற்கு இணையான விலையுயர்ந்த பொருள் எதையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

## தோளில் மயிர் உதிர்கிறது, பிடரி முடியும் இடத்தில் வீங்குகிறது

முதற்காரணம் அளவு. இந்திய ஏற்றுமதிச் சரக்கில் கழிந்து வருகிற போர்வைகள் பல நாட்டு அளவுகளில் வருகின்றன. பிரிட்டிஷ் அளவும் அமெரிக்க அளவும் மார்பின் நடுவிலிருந்து பக்கவாட்டில் புட்டத்தின் முனை வரை எடுத்த நீளம். முன்னது அடி, அங்குலத்திலும் பின்னது வெறும் அங்குலத்திலும் சொல்லப்படும். ஐரோப்பியச் சீட்டில் சென்டிமீட்டரில் உள்ள எண்ணோ முதுகின் நீளத்தை மட்டும் குறிப்பது. இரண்டையும் ஒன்றென்று எண்ணி வாங்கினால் போர்வை தோளைப் பிடித்து இறுக்கும். தையல்காரரின் நாடாவால், குதிரை தலையை நேராக வைத்துச் சமதரையில் நிற்கும்போது, இருவராக நின்று அளவெடுங்கள். ஒருவர் மட்டும் அளந்தால் நாடா வளைந்து இரண்டங்குலம் கூடிவிடும்.

இரண்டாவது காரணம் வெட்டு. அகன்ற மார்புள்ள ஐரோப்பியக் குதிரைக்காக வெட்டிய போர்வை, ஒடுங்கிய மார்பும் எழும்பிய தோள்மேடும் (பிடரி முடியும் இடத்து மேடு) கொண்ட மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளின்மேல் முன்பக்கம் தொளதொளவென்று நின்றுகொண்டு, எடை முழுவதையும் தோள்மேட்டில் இறக்கிவிடும். கழுத்து விளிம்பு தோள்மேட்டுக்கு முன்னால் உட்கார வேண்டும், மேட்டின்மேலோ அதற்குப் பின்னோ அன்று. மார்ப்பட்டை பூட்டிய பிறகு கழுத்தருகே உள்ளங்கை தாராளமாக நுழைய வேண்டும். குதிரையைக் குனிந்து புல் தின்னவிட்டு மறுபடியும் கையை நுழைத்துப் பாருங்கள்; நின்றபோது நுழைந்த கை குனிந்தபோது நசுங்கினால் அந்தப் போர்வை ஆகாது.

மயிர் மட்டும் தேய்ந்திருந்தால் தோள் பகுதியில் வழவழப்பான சாட்டின் துணியை உள்ளே வைத்துத் தைப்பது போதும். எந்தத் தையல்காரரும் அரைநாளில் செய்து தருவார். தோள்மேட்டில் தொட்டால் குதிரை உதறினாலோ, சூடான வீக்கமோ புண்ணோ இருந்தாலோ, சேணத்தையும் போர்வையையும் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள். அந்த இடத்துப் புண் உள்ளுக்குள் புரையோடினால் ஆறுவதற்கு மாதக்கணக்காகும்.

## போர்வை ஒரு பக்கமாகச் சரிகிறது அல்லது பின்னால் போகிறது

பெரும்பாலும் பட்டைதான் காரணம். வயிற்றுப் பட்டைகள் இரண்டும் அடிவயிற்றில் பெருக்கல் குறிபோல் குறுக்கே போக வேண்டும். நேருக்கு நேர் பூட்டினால் சரியும். பட்டைக்கும் வயிற்றுக்கும் இடையே நான்கு விரல் அகலம் இருக்க வேண்டும். அதைவிடத் தொங்கினால் குதிரை படுத்து எழும்போது பின்னங்கால் உள்ளே மாட்டிக்கொள்ளும். கால் பட்டைகளை ஒன்றுக்குள் ஒன்று கோத்து மாட்டினால் தொடையில் உராயாது. மாட்டும்போது கால் பட்டை கடைசி, கழற்றும்போது அதுதான் முதல். மற்றதையெல்லாம் அவிழ்த்துவிட்டுக் கால் பட்டையை மறந்தால், போர்வை பின்னால் வழுக்கிக் கால்களைச் சுற்றிக்கொள்ள, மிரண்ட குதிரை எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

பட்டைகள் சரியாக இருந்தும் சரிந்தால் அளவு பெரிது. இரண்டு பக்கமும் மடித்துத் தைத்து ஓரளவு சமாளிக்கலாம், ஆனால் தோள்வெட்டை மாற்ற முடியாது.

## போர்வை போட்டும் குதிரை நடுங்குகிறது

காது குளிர்ந்திருப்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். போர்வைக்குள்ளே தோளுக்குப் பின்னால் தொட்டுப் பாருங்கள். அங்கே நனைந்து குளிர்ந்திருந்தால் மேலே சொன்ன வைக்கோல் வழியில் காயவைத்து, கூரைக்கடியில் வாடை அடிக்காத பக்கம் கட்டி, வயிறு நிறையக் காய்ந்த புல்லோ கடலைக்கொடியோ போடுங்கள். நார்த்தீவனம் பெருங்குடலில் நொதிக்கும்போது பிறக்கிற சூடுதான் குதிரையின் அடுப்பு. இரண்டாவது போர்வையைவிட இரண்டு கட்டுப் புல் மேல்.

தொட்ட இடம் உலர்ந்து கதகதப்பாக இருக்கிறது, ஆனாலும் நடுங்குகிறது என்றால் போர்வையை மறந்துவிட்டுச் சூடு பாருங்கள். காய்ச்சல், வயிற்றுவலி, தசைப்பிடிப்பு ஆகிய மூன்றுமே நடுக்கமாக வெளிப்படும். மழைக்குப் பிறகு கடிக்கிற பெரிய ஈக்கள் பெருகும் காலத்தில் காய்ச்சல் விட்டு விட்டு வந்து, கால்களும் அடிவயிறும் வீங்கி, குதிரை நாளுக்கு நாள் இளைத்தால் அது சர்ரா என்கிற, ஈக்கள் பரப்பும் ரத்த ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம். ரத்தம் எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். அரசுக் கால்நடை மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்ல வண்டி கிடைக்காதவர்கள் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேட்கலாம்.

## முதுகில் பொருக்கு, பிய்த்தால் மயிரோடு வருகிறது

சின்னச் சின்ன மேடுகளாகத் தொடங்கி, பிய்த்தெடுத்தால் அடியில் ஈரப்புண்ணும் கையில் வர்ணம் பூசுகிற பிரஷ்போல் ஒரு கொத்து மயிரும் மிஞ்சினால், அது மழைப்பொருக்கு. நீண்ட நேரம் ஈரத்தில் ஊறிய தோலில் ஒரு பாக்டீரியா புகுந்து உண்டாக்குவது. போர்வையை உடனே நிறுத்துங்கள், காற்றுப்பட விடுங்கள். போர்வையையும் தேய்க்கிற பிரஷையும் இன்னொரு குதிரைக்குப் பயன்படுத்தாதீர்கள். மனிதர் கையிலும் ஒட்டக்கூடியது என்பதால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காய்ந்த பொருக்கை வலிக்க வலிக்க உரிக்க வேண்டாம். நாலைந்து நாளில் குறையாவிட்டாலோ, கால்களுக்கு இறங்கினாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ மருத்துவரிடம் போங்கள். தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் பூசி ஈரத்தை உள்ளேயே பூட்டி வைப்பதை நான் பலமுறை பார்த்துவிட்டேன், அது வேண்டாம்.

## கொக்கி துருப்பிடிக்கிறது, துணி கிழிகிறது

கடற்காற்றில் முலாம் பூசிய இரும்புக் கொக்கி ஒரு மழைக்காலம் தாங்குவதே அதிகம். ஒரு சிறிய காந்தத்தை வைத்துப் பாருங்கள். பட்டென்று ஒட்டிக்கொண்டால் இரும்பு. பித்தளையில் ஒட்டாது, நல்ல துருப்பிடிக்காத எஃகில் ஒட்டாது அல்லது லேசாகத்தான் ஒட்டும். படகுச் சாமான் கடைகளில் கிடைக்கிற எஃகுக் கொக்கிகளை மாற்றித் தைத்தால் போர்வையைவிட அவை நெடுநாள் உழைக்கும்.

கிழிசலுக்கு இங்கே தலையாய காரணம் வேலிக்கருவை. மேலுறையின் டெனியர் எண் நூலின் பருமனைச் சொல்வது. அது சூட்டையோ நீர்காப்பையோ குறிப்பதன்று. லாயத்தில் நிற்கிற குதிரைக்கு 600 போதும். கருவைக் காட்டோரம் மேய்கிற குதிரைக்கு 1200க்குக் குறையக் கூடாது, அதுவும் முள் நேராகப் பாய்ந்தால் துளைபடத்தான் செய்யும். ஒரு விரற்கடைக் கிழிசலை அன்றே பாலியெஸ்டர் நூலால் தைத்து, மேலே நீர்காப்பு நாடா ஒட்டிவிட்டால் முடிந்தது. பருத்தி நூல் உப்பில் இற்றுவிடும். முள்முனை உள்துணியில் ஒடிந்து தங்கியிருக்கிறதா என்று உள்ளங்கையால் முழுவதும் தடவிப் பார்க்காமல் மறுபடி போர்த்தாதீர்கள். மேலுறையைத் தாண்டி ஒரு முழத்துக்குமேல் கிழிந்தால் தார்ப்பாய் தைக்கிறவரிடம் கொடுங்கள், வீட்டுத் தையல் எந்திரத்தின் ஊசி ஒடியும்.

## எத்தனை நாள் காயவைத்தாலும் ஈரவாடை போகவில்லை

உப்பு ஏறியிருக்கிறது. வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்த துணி, இரவுக் காற்றில் இருக்கிற ஈரத்தை உப்பு இழுக்க, விடியலில் மறுபடி ஓதமாகிவிடும். பெரும்பாலான வீடுகளில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே உவர்ப்பாக இருப்பதால், அதில் துவைப்பது உப்பில் உப்பைச் சேர்ப்பதாகும். கூரையிலிருந்து பிடித்த மழைத்தண்ணீர்தான் இதற்கு மிகச் சிறந்தது. அது பெய்கிற மாதங்களில்தானே போர்வையும் அழுக்காகிறது. காவிரிக் கூட்டுக் குடிநீரை இதற்குச் செலவழிக்க யாருக்கும் மனம் வராது. குடிநீர் ஊருணியில் போர்வையை நனைத்தால் என்ன நடக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

காய்ந்த சேற்றைக் கடினமான பிரஷால் தட்டிவிட்டு, சோப்பில்லாமல் குளிர்ந்த தண்ணீரில் அலசி, கயிற்றில் உள்பக்கம் வெளியே தெரியத் தொங்கவிடுங்கள். மிளகாய்க் களத்தில் மட்டும் விரிக்காதீர்கள். ஒரு மாசியில், பக்கத்துக் களத்தில் முண்டு மிளகாய் வாரியெடுத்த அன்று மாலை, இடம் காலியாக இருக்கிறதே என்று நான் ஒரு போர்வையை விரித்துவிட்டேன். அடுத்த மழைக்கு அதைப் போர்த்திய குதிரை இரவெல்லாம் சுவரில் முதுகைத் தேய்த்தது என்று அதன் சொந்தக்காரர் வந்து சொன்னபோது, உள்துணியை மோந்து பார்த்துத் தும்மிய பிறகுதான் எனக்குக் காரணம் விளங்கியது.

## எதுவும் சரிப்படாமல் புதிதாக வாங்குவதானால்

பஞ்சு பூஜ்யம். நீர்காப்பு (கசியாமல் துணி தாங்குகிற தண்ணீரின் உயரம்) 3,000 மில்லிமீட்டர் என்றும், மூச்சுவிடும் அளவு (துணி வழியே வெளியேறும் ஈர ஆவி) ஒரு நாளைக்குச் சதுர மீட்டருக்கு 3,000 கிராம் என்றும் சீட்டில் போட்டிருந்தால் நம் மழைக்குத் தாராளம். மூச்சுவிடும் அளவு எழுதப்படாத சரக்கை, விலை எவ்வளவு குறைந்தாலும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். முதுகெலும்பின்மேல் தையல் ஓடாமல் ஒரே துணியாக வெட்டியதைத் தேடுங்கள். உள்துணி வழவழப்பாகவும் வெளிர் நிறத்திலும் இருந்தால் வியர்வைக் கறை உடனே கண்ணில் படும். கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்துத் தரம் சொல்கிற பழக்கம் கம்பளிக்குச் சரி, இதற்குச் சரிப்படாது.

அளவு பொருந்துமா என்பது குதிரையின்மேல் போட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்பதால், திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். போட்டுப் பார்க்கும்போது குதிரையின் முதுகில் ஒரு பழைய வெள்ளைப் பருத்தி வேட்டியை விரித்து அதன்மேல் போர்வையைப் போடுங்கள். புதுத்துணியில் மயிர் ஒட்டாது, அழுக்கு ஏறாது. சீட்டையும் அறுக்காமல் அப்படியே மடித்துத் திருப்பிக் கொடுக்கலாம்.